மறு காது

வூரு நகரத்தின் பிப்ரவரி,
காலை எட்டாகியும் விடியவில்லை.
சி.டி. அறையின் கண்ணாடிக்கு அப்பால்
ரைவோ படுத்திருந்தார்.
லாரியிலிருந்து உருண்ட பிர்ச் கட்டை
இடது பொட்டில் இடித்துப் பதினோரு நாள்.
காதில் வடிந்த ரத்தம் காய்ந்துவிட்டது,
கேள்வி மட்டும் திரும்பவில்லை.

அண்ணன் சூலெவ் கூட வந்திருந்தார்.
தம்பியின் இடப்பக்கம் ஒட்டி நின்று
இடக்காதில் ஏதோ சொன்னார்.
அடிபட்ட காதில் ஏன் பேசுகிறார் என்று நினைத்தேன்,
பிறகு மறந்துவிட்டேன்.

மேசை நகர்ந்தது.
அரை மில்லிமீட்டருக்கு ஒரு சீவலாக
மண்டையின் ஓரம் திரையில் வந்து விழுந்தது.

உடம்பிலேயே சிறிய எலும்புகள்:
சுத்தி, பட்டடை, அங்கவடி.
மூன்றையும் சேர்த்து வைத்தாலும்
கட்டைவிரல் நகத்தில் இடம் மிச்சமிருக்கும்.
பழுதில்லாத காதில், குறுக்கு வெட்டில்,
சுத்தியின் தலையும் பட்டடையின் உடலும்
கோனில் வைத்த ஐஸ்கிரீம் போலத் தெரியும்.
பயிற்சி நாளில் இதைக் கேட்டுச் சிரித்தோம்.
இருபது வருஷமாக
வேறெதுவாகவும் என்னால் பார்க்க முடிந்ததில்லை.

ரைவோவின் இடக்காதில்
கோன் சாய்ந்து, ஐஸ்கிரீம் விலகியிருந்தது.
மயிரிழை முறிவு ஒன்று
எலும்பின் நீளவாக்கில் ஓடியது.
சுற்றிலும் சாம்பல் மங்கல், வடியாத ரத்தம்.
முகநரம்பின் கால்வாய் தப்பித்திருந்தது.
எழுதினேன். எளிய வழக்கு.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு,
கெட்டதைப் பார்த்த கையோடு நல்லதைப் பார்ப்பது.
பக்கத்தில் வைத்தால்தான்
விலகல் விலகலாகத் தெரியும்.
வலக்காதுக்கு நகர்த்தினேன்.

அங்கும் கோன் காலி.

ரத்தமில்லை. மங்கலில்லை.
காதின் பின்னெலும்பில் தேன்கூட்டு அறைகள்
காற்று நிறைந்து கறுப்பாக, துப்புரவாக.
சீழ் பிடித்த காது இப்படி இருக்காது.
பட்டடை மட்டும் தன் இடத்தை விட்டிறங்கி,
ஓரம் மழுங்கி,
பள்ளத்தில் படுத்துப் பழகிய கல்லாக.

பழைய சீட்டில் இருந்தது:
வலது செவி மந்தம், சிறுவயதுக் காய்ச்சலால்.
தாளில் பெரிய எழுத்தில் கேட்டேன்,
முன்பு எப்போதாவது தலையில் அடி?
"இல்லை" என்றார் ரைவோ, மிக மெல்ல.
ஒலியின் வழி அடைபட்டவர்கள் அப்படித்தான்,
தங்கள் குரல் தங்களுக்குள்ளேயே முழங்குவதால்
வெளியே தணித்துப் பேசுவார்கள்.

தாழ்வாரத்தில் சூலெவிடம் நான் எதுவும் கேட்கவில்லை.
"வலப்பக்கமும் எலும்பு விலகியிருக்கிறது,
பழைய அடி" என்றேன், அவ்வளவுதான்.
கம்பளித் தொப்பியைப் பிழிந்தார். அது நனைந்திருக்கவில்லை.
"துடுப்பு" என்றார்.
"எனக்குப் பத்து, அவனுக்கு ஆறு.
படகை யார் தள்ளுவது என்று சண்டை.
காதில் வந்த ரத்தத்தை ஏரியில் கழுவி
மூக்கு உடைந்தது என்று அம்மாவிடம் சொன்னேன்.
அவனுக்கு நினைவில்லை."

காதும் காதும் வைத்தாற்போல் முடிந்த காரியம்
ஒரு காதுக்குள்ளேயே
நாற்பத்தைந்து வருஷம் கிடந்திருக்கிறது.
அதனால்தான் எப்போதும் இடப்பக்கம்.
கல்யாணத்தில், டிராக்டரில்,
அப்பாவின் குழியோரத்தில்,
கேட்கிற காது எங்கேயோ அங்கே நின்றிருக்கிறார்.

அறிக்கையில் துடுப்புக்கு இடமில்லை.
'வலம்: சுத்தி, பட்டடை விலகல், பழையது.
இரு காதுக்கும் அறுவை மருத்துவர் கருத்து வேண்டும்.'
கையெழுத்திட்டேன்.

ஜன்னலுக்குக் கீழே, வண்டிகள் நிற்கும் பனியில், இருவரும்.
சூலெவ் தம்பியின் இடப்பக்கம் போனார், நின்றார்.
பின்னால் சுற்றி வலப்பக்கம் வந்தார்,
அங்கும் வாய் திறக்கவில்லை.
கடைசியில் எதிரே வந்து
தொப்பியைக் கழற்றினார்.
வாயிலிருந்து ஆவி எழுவது தெரிந்தது,
வெகுநேரம் எழுந்தது.
ரைவோ அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு கார் சாவிக்காகக் கையை நீட்டினார்.